பக்கத்து டெஸ்க்டாப்

ஆறுமுகத்தாயின் துப்பட்டாவை அவள் தோளில் தொங்கிய பை கவ்வியபோது அவள் செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதி ஏறியிருந்தாள். ஹார்பர் லைன் கூட்டம் யாருக்காகவும் நிற்காது. துப்பட்டா ஒரு பக்கம் இழுத்தது, கூட்டம் மறுபக்கம் தள்ளியது. தாராவியில் பிறந்து, இதைவிடப் பெரிய நெரிசலையெல்லாம் முழங்கையாலேயே சமாளித்தவள், கடைசியில் ஒரு லேடீஸ் பையிடம் தோற்றுச் சுவரோரம் ஒதுங்கினாள்.

“சார், இந்தப் பை என் கழுத்தை நெரிக்கப் பாக்கு. கொலை முயற்சின்னு கேஸ் எழுதுங்க.”

இரண்டு படி மேலே நின்று வெங்கி திரும்பிப் பார்த்தார். முழுப்பெயர் வேங்கடசுப்ரமணியன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பிறர் கேட்கும் நஷ்ட ஈட்டைச் சந்தேகப்பட்டே தலை நரைத்தவர். ரிட்டயர் ஆன பிறகும் சந்தேகம் ரிட்டயர் ஆகவில்லை என்பதால் மாட்டுங்காவில் ஒரு மாடி அறை எடுத்து, வாசலில் ‘துப்பறியும் நிறுவனம்’ என்று போர்டு மாட்டியிருந்தார். அந்த நிறுவனத்தின் மீதிப் பாதிதான் துப்பட்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“சான்றுப் பொருளைத் தோள்ல மாட்டிண்டு வரச் சொன்னது யாரு? கவர்ல போட்டு எடுத்துண்டு வான்னுதானே சொன்னேன்?”

“கவர்ல கெடந்தா இதோட லட்சணம் எப்படித் தெரியும்? இதைத் தச்சவன் வீட்டுல பொம்பளையே கெடையாது சார், சத்தியமா.”

“அதெப்படிச் சொல்றே?”

“பக்கிளைப் பாருங்க. இடது பக்கம் இருக்கு. நாங்க துப்பட்டாவையும் முந்தானையையும் எந்தத் தோள்ல போடுதோம்? இடது தோள்ல. ரெண்டும் ஒரே இடத்துல குடியிருந்தா மாமியார் மருமக கதைதான்.”

வெங்கி சிரிக்க வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். படியிறங்கி வந்து பையைக் கையில் வாங்கினார்.

“வாஹித் நமக்குக் காட்டின பையில பக்கிள் எந்தப் பக்கம் இருந்தது?”

ஆறுமுகத்தாய் கண்ணை மூடி யோசித்தாள். திறந்தபோது கேலி போயிருந்தது.

“வலது பக்கம்.”

கேஸ் இதுதான். தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் அப்துல் வாஹித் ஒரு புதுப் பை தயாரித்தார். வாரை ஒரு இழு இழுத்தால் தோள்பை முதுகுப்பையாகும். ஒரு பெரிய கடைக்காரர் மொத்தமாக எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். சரக்கு போய்ச் சேரும் முன்பே அச்சு அசலாக அதே பை எதிராளி ஒருவனின் கடையில் தொங்கியது. அதில் ஒன்றைத்தான் சான்றாக வாங்கி ஆறுமுகத்தாய் தோளில் மாட்டியிருந்தாள். பெரிய கடைக்காரர் கோபித்துக்கொண்டு, “யார் வரைபடத்தை வெளியே விட்டதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லும், அப்புறம் பார்க்கலாம்” என்றுவிட்டார். வாஹித் தன் பட்டறையில் பை வரைகிற ஜெனியைச் சந்தேகப்பட்டு வேலையை விட்டு அனுப்பினார். சந்தேகத்துக்கு முத்திரை குத்த வெங்கியை அமர்த்தினார். வெங்கியும் நேற்றுச் சாயங்காலம் போனில், “அந்தப் பொண்ணாத்தான் இருக்கணும்” என்று முத்திரையைக் குத்திவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஜெனியின் கம்ப்யூட்டரில், முதலாளி கண்ணில் படாத மூலையில், வேறொரு கம்பெனிக்கு எழுதிய மெயில் திறந்திருந்தது. கேட்டதற்கு அந்தப் பெண் மறுக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆறுமுகம்,” என்றார் வெங்கி, பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. “நான் அவசரப்பட்டுட்டேனோ?”

“நேத்துச் சாயங்காலம் நீங்க போனை வச்சதுமே கேக்க நெனைச்சேன். சம்பளம் குடுக்கிற ஆளாச்சேன்னு விட்டுட்டேன்.”

ஜெனி ஸ்டேஷனுக்கு வெளியே கரும்புச்சாறுக் கடையில் காத்திருந்தாள். இஸ்திரி போட்ட சுடிதார், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, தோளில் டிபன் பை. வேலை போன பெண்ணுக்கு இந்த அலங்காரம் எதற்கு என்று ஆறுமுகத்தாய் புருவத்தைத் தூக்கினாள்.

“அம்மாவுக்கு இன்னும் தெரியாதுக்கா. தினமும் காலையில கிளம்பி வந்து இங்க, அங்கன்னு உக்காந்துட்டுப் போறேன். இன்னைக்குத்தான் கடைசி. மத்தியானம் அந்தப் புதுக் கம்பெனி வாஹித் சாருக்குப் போன் போடுவாங்க. அவர் என்ன சொல்லுவார்னு எனக்குத் தெரியும். அப்புறம் அம்மாகிட்ட சொல்லித்தானே ஆகணும்.”

“அவர் சொல்லப்போறது நான் சொல்லிக் கொடுத்தது,” என்றார் வெங்கி. சொன்னதும் கரும்புச்சாற்றைத் தள்ளி வைத்தார். “நீ ஏன் அன்னிக்கு ஒரு வார்த்தை மறுக்கல?”

ஜெனி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எப்படி அங்கிள் மறுப்பேன்? சார் வீட்டம்மா பேகம் ஆன்ட்டி சாப்பாடு கொண்டு வரும்போது கேரியர்ல மேல் தட்டு எப்பவும் எனக்கு. சொந்தப் பொண்ணு மாதிரி. அதைச் சாப்பிட்டுக்கிட்டே வேற வேலை தேடினேன். சார் பக்கத்துல வந்தா அந்த மெயிலைப் பிடிச்சுப் பக்கத்து டெஸ்க்டாப்புக்குத் தள்ளிருவேன். படத்தைத் திருடல. ஆனா திருடி மாதிரிதானே இருந்தேன்? அவர் கத்தினப்போ, சரி, இது அதுக்குத்தான்னு தோணிச்சு.”

“பக்கத்து டெஸ்க்டாப்புன்னா?” என்றாள் ஆறுமுகத்தாய். “பக்கத்து மேசையா?”

“இல்லக்கா, மானிட்டர் ஒண்ணுதான். ஆனா அதுக்குள்ள ரெண்டு மூணு டெஸ்க்டாப் வச்சுக்கலாம். ஒண்ணைப் பார்க்கிறப்போ மத்தது தெரியாது. திறந்து வச்ச ஜன்னலை மவுஸால பிடிச்சு இதுலேர்ந்து அதுக்கு நகர்த்திக்கலாம். கீயைத் தட்டினா டெஸ்க்டாப்பே டக்குனு மாறிரும்.”

“ஓஹோ. எங்க சால் குடியிருப்புல ஒரே ரூமுல திரையைக் கட்டி மூணு குடும்பம் இருந்த மாதிரி. அடுத்த வீட்டுச் சண்டை கேக்கும், முகம் மட்டும் தெரியாது.”

வெங்கி பையை மேசைமேல் வைத்தார். “இந்தப் பக்கிளைப் பாரும்மா.”

ஜெனி பார்த்தாள். அவள் முகம் சட்டென்று மாறியது.

“இது என் பழைய படம் அங்கிள்! முதல்ல இப்படித்தான் இடது பக்கம் வரைஞ்சேன். சாம்பிளை மாட்டிப் பார்த்தப்போ துப்பட்டா சிக்கிச்சு. அன்னைக்கே வலது பக்கம் மாத்திட்டு இதை அழிச்சிட்டேன்.”

“திருடி விக்கறவ சரியான படத்தை வச்சுண்டு தப்பான படத்தை விப்பாளா?” வெங்கி தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். “பழைய படம் வேற யார்கிட்ட இருந்தது?”

“சார் கம்ப்யூட்டர்ல மட்டும். அவர் எதையுமே மூட மாட்டார். வெட்டின தோல்ல விரலளவு துண்டு மிஞ்சினாக்கூட, என்னைக்காவது ஆகும்னு டப்பாவுல போட்டு வைப்பார்ல, கம்ப்யூட்டரும் அதே கதைதான். மூடினா போயிரும்னு பயம். முப்பது நாப்பது ஜன்னல் குவிஞ்சு கிடந்துச்சு. அதனாலதான் நானே அவருக்கு மூணு டெஸ்க்டாப் போட்டுக் கொடுத்தேன். முதல்ல பைப் படம், நடுவுல வியாபார மெயில், கடைசியில மத்ததெல்லாம். எப்படி நகர்த்தணும், எந்தக் கீயைத் தட்டினா மாறும்னு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். சீக்கிரமே கத்துக்கிட்டார்.”

“வெளி ஆளுங்க யாராவது அவர் கம்ப்யூட்டரைப் பார்ப்பாளா?”

“வீடியோ கால்ல பார்ப்பாங்க. பக்கிள் விக்கிற டீலர்கிட்ட பேசும்போது முழு ஸ்க்ரீனையும் காட்டிருவார். ஒரு ஜன்னலை மட்டும் காட்டுங்க சார்னு எத்தனையோ தடவை சொன்னேன். சிரிப்பார். ‘மறைக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு’ன்னு கேப்பார்.”

ஆறுமுகத்தாய் பையின் பக்கிளைப் புரட்டிப் பார்த்தாள். அடிப்பக்கம் கடுகளவு நட்சத்திரம் ஒன்று பொறித்திருந்தது.

“சார், இதே நட்சத்திரம் வாஹித் பாய் பை பக்கிள்லயும் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே டீலர்.”

வெங்கி எழுந்துவிட்டார். “ஆட்டோவைப் பிடி. அந்தப் போன் வரதுக்குள்ள தாராவி போகணும்.”

“நான் வரட்டுமா அங்கிள்?” என்றாள் ஜெனி.

“வேண்டாம்மா. நீ சாப்பிடு. டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை போலிருக்கே.”

ஆட்டோ சயான் சிக்னலில் அடைந்து கிடந்தது. வெங்கி நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார்.

“டீலர் பழைய படத்தைப் பார்த்திருக்கான். எதிராளிக்குக் கொடுத்திருக்கான். அதுவரைக்கும் சரி. ஆனா வாஹித் குரான் மேல சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாரே, டீலருக்கு பக்கிள் போட்டோவைத் தவிர ஒண்ணும் காட்டலைன்னு. அந்த மனுஷன் பொய் சொல்றவர் மாதிரியும் தெரியல.”

“பொய் சொல்லாதவங்கதான் சார் ஆபத்து. பொய் சொல்லுதவன்கிட்ட நாம உஷாரா இருப்போம்.”

“நீ என்னைச் சொல்றியா, அவரைச் சொல்றியா?”

“பொதுவாச் சொன்னேன். குத்துச்சுன்னா எடுத்துக்கிடுங்க.”

குத்தத்தான் செய்தது. நாற்பது வருஷம் காகிதத்தைப் பார்த்து மனுஷனை முடிவு கட்டிய பழக்கம், ஒரு பெண்ணின் குனிந்த தலையைப் பார்த்தும் முடிவு கட்டிவிட்டது. குற்றம் செய்தவர்கள் மட்டும்தான் தலை குனிவார்கள் என்று எந்த மடையன் சொன்னான்? வெங்கி தன்னையே திட்டிக்கொண்டு வெளியே பார்த்தார்.

வாஹித்தின் பட்டறையில் கீழே தையல் மெஷின்கள் கடகடத்தன. தோல் வாசனையும் பசை வாசனையும் மூக்கை அடைத்தன. மூலையில் ஓர் இரும்பு ஏணிப்படி. அதில் ஏறினால் முதலாளியின் அறை. யார் ஏறினாலும் ‘டங் டங்’ என்று ஊருக்கே தெரியும்.

வாஹித் ஐம்பதைத் தாண்டியவர். முதலாளி என்று பேரே தவிர, கையில் எந்நேரமும் ஒரு வார்த்துண்டு இருக்கும். தோலின் ஓரத்துக்குப் பூசும் கறுப்புச் சாயத்தைப் பெருவிரலால் தடவிச் சரிபார்த்துக்கொண்டே பேசுவார். இவர்களைப் பார்த்ததும் வாரை வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய துணியில் கையைத் துடைத்தார்.

“வாங்க சார், வாம்மா. நேத்தே முடிஞ்சுபோச்சுன்னுல்லா நெனைச்சேன்?”

“ஒரு சின்ன சந்தேகம் பாக்கி. டீலருக்கு அன்னிக்கு நீங்க காட்டின பக்கிள் போட்டோவை நானும் பார்க்கலாமா?”

“தாராளமா.” மறுபடி கையைத் துடைத்தார். “கையைத் துடைக்காம இதைத் தொட மாட்டேன் சார். ஜெனி சொல்லிக்…” அந்தப் பெயர் வந்ததும் பேச்சு அறுந்தது. மவுஸைப் பிடித்து ஒரு மெயிலைக் காட்டினார். அதில் பக்கிள் படம் மட்டும்தான் இருந்தது.

வெங்கியின் கண் பக்கிளில் இல்லை. மவுஸ் வெள்ளை வெளேரென்று இருந்தது. கீபோர்டும் அப்படித்தான், மூன்று கீயைத் தவிர. அந்த மூன்றிலும் கறுப்புச் சாயம் அப்பியிருந்தது. அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

“ஆறுமுகம், கீழ போய் உன் பாட்டில்ல தண்ணி பிடிச்சுண்டு வா. வரும்போது படியில நன்னாத் தட்டிண்டே வா.”

ஆறுமுகத்தாய் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தன் ஸ்டீல் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். இந்த ஆள் காரணம் இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

“இந்த வாரோட ஓரம் எப்படி இவ்வளவு வழவழன்னு வருது?” என்றார் வெங்கி.

வாஹித்துக்குப் பிடித்த பேச்சு. வாரை எடுத்துச் சாயம் தொட்டுத் தடவிக் காட்ட ஆரம்பித்தார். விரலெல்லாம் கறுப்பானது. அப்போது ஏணிப்படியில் ஸ்டீல் இரும்பில் இடிக்கும் சத்தம் ஏறி வந்தது. டங். டங்.

வார் கீழே விழுந்தது. வாஹித்தின் இடது கை இரண்டு கீயையும் வலது கை ஒரு கீயையும் தட்டின. கண்ணிமைக்கும் நேரம்தான். துணி ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் ஆறுமுகத்தாய் பாட்டிலோடு நின்றாள்.

“நான்தான் பாய். வேற யாரை எதிர்பாத்தீங்க?”

வெங்கி கம்ப்யூட்டரைக் காட்டினார். பக்கிள் மெயிலைக் காணோம். அதன் இடத்தில் ஒரு பையின் வரைபடம் முழுசாக நின்றது. பக்கிள் இடது பக்கம்.

“அன்னிக்கும் டீலரோட பேசிண்டு இருக்கும்போது ஆத்துக்காரி சாப்பாடு கொண்டு வந்தாளா?”

வாஹித் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வந்தா.”

“கேரியர் படியில இடிச்சது. உங்க கை தட்டிடுத்து. நீங்க முழு ஸ்க்ரீனையும் காட்டிண்டு இருந்தேள். அந்தப் பக்கம் டீலர் முழுப் படத்தையும் பார்த்துட்டான்.”

“சார், அன்னைக்கு நான் எதையும் மறைக்கலை. பக்கிளைத்தான் பாத்துட்டு இருந்தேன்.”

“அது எனக்கும் தெரியறது. மறைக்க ஒண்ணும் இல்லாத நேரத்துலயும் கை தானா ஓடறது, அவ்வளவு பழகிப்போச்சு.” வெங்கி அந்த மூன்று கீயையும் விரலால் தொட்டுக் காட்டினார். “கையைத் துடைக்காம கம்ப்யூட்டரைத் தொடாத மனுஷர் நீங்க. இந்த மூணை மட்டும் துடைக்காம தொட்டிருக்கேள். கன்ட்ரோல், விண்டோஸ், இடது அம்பு. பக்கத்துல வலது அம்பு பாருங்கோ, புத்தம் புதுசா இருக்கு. போகும்போது நிதானமாக் கையைத் துடைச்சுண்டு மவுஸால போறேள். திரும்பும்போது எப்பவும் இடது பக்கம் பார்த்து ஓடி வரேள். கடைசி டெஸ்க்டாப்புல என்ன இருக்கு?”

வாஹித் கீழே கிடந்த வாரை எடுத்துச் சுருட்டினார்.

“நாங்க தப்பா ஒண்ணும் நெனைக்கல பாய்,” என்றாள் ஆறுமுகத்தாய். “ஆனா இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்தீங்கன்னா நெனைக்க ஆரம்பிச்சிருவோம்.”

அவர் எழுந்து கையைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். மவுஸை நகர்த்திக் கடைசி டெஸ்க்டாப்புக்குப் போனார்.

ஒரு வீடியோ. சட்டத்தில் இழுத்துக் கட்டிய பச்சைத் துணியில் ஒரு பெண் ஆரி வேலை செய்துகொண்டிருந்தாள். ஊசி குத்தி நூலை இழுக்கும்போது முகம் தெரிந்தது. வாஹித்தின் அதே மூக்கு.

“என் மவ. பரீஹா. நிக்காஹ் நாள் குறிச்ச பெறவு வேண்டாம்னுட்டுப் புனேக்குப் போயிட்டா. அவ பேரையே வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு சொன்னவன் நான். பேகம் போனை வாங்கி நம்பரை அழிச்சதும் நான்தான். அவ அழுதா. அழட்டும்னு இருந்தேன்.” அவருக்குக் குரல் இறங்கியது. “தைக்கிறதைத் தினமும் படம் புடிச்சுப் போடுதா சார். இவ்வளவு நல்லாத் தைப்பான்னு எனக்குத் தெரியவே தெரியாது.”



“டீலர் படத்தைப் பார்த்துட்டான்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமோ?” வெங்கி குரலை உயர்த்தவில்லை.

“பேச்சு முடிஞ்சு நிமிந்தப்போ இந்தப் படம் நின்னுச்சு. எப்பத்துல இருந்து நிக்குதுன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. தோணாத மாதிரி இருந்துட்டேன். அப்பதான் ஜெனி வேற வேலை தேடுதது கண்ணுல பட்டுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டேன். எனக்கு அது வசதியா இருந்துச்சு சார்.”

“இன்னிக்கு அவளுக்காகப் போன் வரப்போறது.”

“தெரியும். அவ நல்ல புள்ளன்னு சொல்லிடுதேன். யார் விட்டாங்கன்னு கேட்டா டீலர் ஏமாத்திட்டான்னு சொல்லுதேன். பெரிய கடைக்காரருக்கும் நீங்க அப்படியே சொல்லிருங்க. இது மட்டும் வேண்டாம் சார். நான் தினமும் பாத்தேன்னு தெரிஞ்சா பேகம் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

வெங்கி வாயைத் திறக்கும் முன் ஏணிப்படியில் மறுபடி சத்தம். டங். டங். இந்தத் தடவை கேரியர்தான். வாஹித்தின் கை தானாகப் பாய்ந்து தட்டியது. பரீஹா மறைந்து பக்கிள் மெயில் வந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அவர் தன் கையைத் தானே வெறித்தார்.

பேகம் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். விருந்தாளிகளைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்து, கேரியரைப் பிரித்து வைத்தார். மீன் ஆணத்தின் குழம்பு வாசனை தோல் வாசனையைத் துரத்தியது.

“நீங்க கை நனைக்க மாட்டீங்க, தெரியும்,” என்று வெங்கியிடம் சொல்லிவிட்டு, மேல் தட்டை ஆறுமுகத்தாயிடம் நீட்டினார். “நீ சாப்பிடு தாயி. ஜெனிக்கு அடுக்கிப் பழகின கை. இன்னைக்கும் மறந்துபோய் அடுக்கிட்டு வந்துட்டேன். பெத்த பிள்ளைக்கு ஊட்டுத மாதிரி ஊட்டினேன். உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டாளே. நேத்து அவளை வாயாரச் சபிச்சேன்.”

ஆறுமுகத்தாய் தட்டை வாங்கினாள். ஆனால் சோற்றில் கை வைக்க அவளால் முடியவில்லை.

அப்போது போன் அடித்தது.

கீழே மெஷின் சத்தத்தில் காது கேட்காது என்று வாஹித் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பழக்கத்தில் இன்றும் போட்டுவிட்டார். மறுமுனையில் ஒரு பெண் இந்தியில் பேசினாள். ஜெனியைப் பற்றி விசாரிக்க வேண்டும், அவள் ஏன் அங்கிருந்து நீக்கப்பட்டாள், ஏதோ வரைபடம் வெளியே போனதாகக் கேள்விப்பட்டோமே, அவளா காரணம்?

“அவ இல்ல,” என்றார் வாஹித், இந்தியில்.

“அப்படியானால் யார்? மன்னிக்க வேண்டும், எங்களிடமும் வரைபடங்கள் இருக்கின்றன. நிச்சயமாகத் தெரியாமல் நாங்கள் எடுக்க முடியாது.”

வாஹித் வெங்கியைப் பார்த்தார். வெங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதில் தான் சொல்ல ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். நேற்றே தேவைக்கு மேல் சொல்லியாகிவிட்டது. வாஹித் மனைவியைப் பார்த்தார். மும்பையில் முப்பது வருஷம் குடும்பம் நடத்திய பேகத்துக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு.

“நான்தான்,” என்றார் வாஹித். “என் மவளை அடிச்சு விரட்டாத குறையா விரட்டிட்டு, தினமும் திருட்டுத்தனமா அவ வீடியோவைப் பாத்துட்டு இருந்தேன். என் பொஞ்சாதி வந்தா மறைப்பேன். மறைச்சு மறைச்சு, ஒருநாள் பேசிட்டு இருக்கும்போது கை தானா தட்டி, வரைபடத்தை நானே காட்டிட்டேன். ஜெனி ஒண்ணும் செய்யலை. அவளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. திருடின்னு நான் சொன்னது பொய். யார் கேட்டாலும் இதையே சொல்லுவேன்.”

மறுமுனையில் அந்தக் குரல் மெதுவாக, “நன்றி சார். அவளைத் திங்கட்கிழமை வரச் சொல்கிறோம்” என்றது.

போன் அணைந்தது. பேகம் கையில் கரண்டி அப்படியே நின்றது.

வாஹித் கையைத் துடைக்கவில்லை. சாயத்தோடு மவுஸைப் பிடித்தார். மூன்று டெஸ்க்டாப்பும் சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் வந்தன. கடைசியில் இருந்த ஜன்னலை, ஜெனி சொல்லிக் கொடுத்தபடி, பிடித்து இழுத்தார். சாயத்தில் விரல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை அது நகர்ந்து எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வந்து விரிந்தது. பச்சைத் துணி. ஊசி. நிமிர்ந்த முகம்.

பேகம் கரண்டியை வைத்துவிட்டுக் கிட்டே போனார்.

“மெலிஞ்சுட்டா,” என்றார். பிறகு, “இது எப்ப எடுத்தது?”

“இன்னைக்குக் காலையில.”

“தினமும் போடுதாளா?”

“தினமும்.”

“தினமும் நீங்க பாத்தீங்க.” அவர் கணவன் பக்கம் திரும்பவே இல்லை. “நான் கீழ வாசல்ல கேரியரோட செருப்பைக் கழட்டிட்டு இருக்கும்போது, இங்க நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் எம்புள்ள உசுரோட இருக்காளான்னு கண்டவங்க வாயைப் பாத்துட்டு இருந்தேன்.”

வாஹித் தலையைக் குனிந்தார். வெங்கிக்கு ஜெனியின் குனிந்த தலை ஞாபகம் வந்தது. இங்கே இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஆறுமுகத்தாய்க்குக் கண்ணைக் காட்டினார். அவள் தட்டைச் சத்தமில்லாமல் கேரியர் பக்கத்தில் வைத்தாள்.

“எங்க போற தாயி? இரு,” என்றார் பேகம், வீடியோவிலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்த ஜெனிப் புள்ள நம்பர் உன்கிட்ட இருக்கா? போட்டுக் குடு. நேத்து நான் என்னென்னவோ சொல்லிட்டேன், அதைத் திருப்பி வாங்கணும்.”

ஆறுமுகத்தாய் போனை எடுத்து எண்ணைத் தட்டினாள். பொருத்தமாக எதையாவது சொல்வதற்கு அவள் வாய் அரித்தது. இருந்தாலும் அடக்கிக்கொண்டாள். மணி போய்க்கொண்டிருந்தது.

பேகம் நாற்காலியின் முதுகைத் தட்டினார். வாஹித் எழுந்து இடம் கொடுத்தார். பேகம் உட்கார்ந்து, மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டு, மகளின் முகத்துக்கு வெகு கிட்டே குனிந்தார்.

“இது மறுபடி அந்தப் பக்கம் போயிராதுல்லா?”

வாஹித் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“போவாது. நான் நகர்த்தாம அது போவாது.”